ஒற்று டீச்சரும் கடைசி ட்ரிப்பும்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் அதன் பலகையில் ‘மருந்து கடை’ என்று எழுதியிருந்ததாம். ஒற்று டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உள்ளே போய், “எந்த மருந்தைக் கடையணும்? மத்து எங்க இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் ஒன்றும் புரியாமல் தலைவலி மாத்திரையை எடுத்து நீட்டினாராம். ஓர் எழுத்துக்காகப் பலகையையா மாற்றுவார்கள் என்று அவர் சிரித்து மழுப்ப, டீச்சர் மறுநாளும் போனார், அதற்கடுத்த நாளும் போனார். கடைசியில் தொல்லை தாங்காமல் அந்த மனிதர் நடுவில் ஒரு ‘க்’ நுழைத்தார். இடம் பத்தாததால் அது கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

டீச்சர் தமிழ் சொல்லிக்கொடுத்தார். நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மேசை. சன்னல் பக்கம் அவர், மின்விசிறிப் பக்கம் நான். வயதில் மூத்தவர் என்பதால் நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் ‘கணக்கு’. “ஏ கணக்கு, இங்க வா, இந்தக் கூத்தைப் பாரு” என்று குரல் வந்தால், ஏதோ ஒரு பிள்ளை ‘வந்துப் போனான்’ என்று வேண்டாத இடத்தில் ஒற்றைத் திணித்திருக்கிறது என்று அர்த்தம். போட வேண்டிய இடத்தில் விட்டால் குற்றம், விட வேண்டிய இடத்தில் போட்டால் அதைவிடப் பெரிய குற்றம். க், ச், த், ப் என்கிற நாலே எழுத்துக்குத் தன் ஆயுளையே எழுதி வைத்துவிட்ட மனுஷி அவர்.

வீட்டிலும் அதே பாடுதான். மகன் வேறு நாட்டில் வேலை பார்க்கிறான். அம்மாவுக்குச் செய்தி அனுப்பினால் திருத்தித் திருப்பி அனுப்புகிறாள் என்று, ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுத ஆரம்பித்துவிட்டான். “இதுல எப்படிம்மா ஒற்று கண்டுபிடிப்பே?” என்று கேட்டானாம். டீச்சர் அதிலும் கண்டுபிடித்தார். அவர் கணவர் கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவெடுக்கிறவர். “எத்தனையோ பேர் கண்ணைச் சரி பண்ணிட்டேன். இவ கண்ணு மட்டும் இவ்வளவு சரியா இருந்திருக்க வேணாம்” என்பார்.

ஒருநாள் நான் வாய்விட்டே கேட்டேன். “அக்கா, இந்த ஒற்று உங்களுக்கு அப்படி என்னதான் பண்ணிச்சு?”

அவர் பேனாவை மூடி வைத்தார். “எங்க வீட்டுல நிறையப் பேரு. நான் பேசினா யாரும் காது குடுத்துக் கேட்க மாட்டாங்க. காலேஜுக்குப் போகணும்னு சொன்னேன், சிரிச்சாங்க. அழுதேன், அதுக்கும் சிரிச்சாங்க. அப்புறம் ஒரு தாள்ல எழுதி அப்பா சட்டைப்பையில வெச்சேன். ஒரு பிழை இல்லாம எழுதியிருந்தேன். அவர் அதிகம் படிக்காதவரு. ஆனா பேப்பரை எழுத்துக்கூட்டிப் படிப்பாரு. படிச்சுட்டு, இவ்வளவு சுத்தமா எழுதறவளை வீட்டுல உக்கார வெச்சு என்ன பண்றதுன்னு அனுப்பிட்டாரு.”

அவருக்கு ஒற்று என்பது இலக்கணம் இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சுத்தமாக எழுதினால் உலகம் வழிவிடும் என்று அவர் நம்பினார். தன்னிடம் படிக்கிற பிள்ளைகளுக்கும் அந்த வழியைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், எங்கே போனாலும் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். “பசங்க எல்லாம் ஏ.ஐ. வெச்சுத்தான் கட்டுரை எழுதறாங்களாமே, ஸ்கூல்ல நீங்க என்ன பண்றீங்க?” பல் டாக்டர்கூடக் கேட்டார், அதுவும் என்னை வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு. அவருக்கு அப்போது பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் என்ன பண்ணினோம் என்பதை இப்போது சொல்கிறேன். பண்ணியிருக்க வேண்டாம் என்பதுதான் அதன் சுருக்கம்.

எங்கள் பிள்ளைகள் அந்த ஏ.ஐ.க்குப் ‘பெரியப்பா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லாது, ஒரு வரி கேட்டால் ஒரு பக்கம் பேசும், எல்லாவற்றுக்கும் கடைசியில் நல்லது சொல்லி முடிக்கும். பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. “பெரியப்பாகிட்ட கேட்டியா?” “கேட்டேன்டா, மூணு பத்தி குடுத்தாரு” என்று நடைபாதையில் பேசிக்கொள்வார்கள். இவர்களுக்கெல்லாம் பெரியப்பாக்கள் இவ்வளவு அக்கறையாக இருக்கிறார்களே என்று டீச்சர் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பையன் ‘என் அப்பாவின் கைக்கடிகாரம்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தான். இறந்துபோன அப்பாவின் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கிற மகன். டீச்சர் அதைத் திருத்த உட்கார்ந்து, பாதியில் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டார். எனக்குப் படித்துக் காட்டினார். வகுப்பில் படித்துக் காட்டினார். தலைமையாசிரியர் அறைக்கே எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டினார். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையைத் தடவி, “எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லுப்பா” என்றார். பையன் திருதிருவென்று விழித்தான். துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தில் வாட்டசாட்டமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

“நீங்க பையனுக்கு என்ன வேணும்?” என்று டீச்சர் பரிவோடு கேட்டார்.

“அப்பா.”

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பையனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். “கட்டுரையை யாருடா எழுதினது?” என்றதற்கு, “பெரியப்பா எழுதிக் குடுத்தாரு டீச்சர்” என்றான் மெதுவாக.

அப்போதும் டீச்சர் சமாளித்துக்கொண்டு, அந்த மனிதரிடம், “உங்க அண்ணன் நல்லா எழுதறாரு. ஆனா உயிரோட இருக்கற தம்பியை இப்படிச் சாகடிச்சிருக்க வேணாம்” என்றார்.

“எனக்கு அண்ணனே கிடையாதே டீச்சர்” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டேன். ஆனால் அவருக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. பிள்ளைகள் விடுவார்களா? வருகைப் பதிவு எடுக்கும்போது ஒருவன், “உள்ளேன் டீச்சர், எங்க அப்பாவும் உள்ளார்” என்பான். வகுப்பே குலுங்கும். முன்பெல்லாம் இப்படிக் குறும்பு செய்தால் கூடச் சேர்ந்து சிரிக்கிறவர், இப்போது முகம் இறுகி நின்றார். “கணக்கு, நான் நிஜமா அழுதேன். அதை அவங்க பாத்தாங்க” என்றார் என்னிடம். தன் கண்ணீரை எவனோ ஏமாற்றி வாங்கிக்கொண்டு போய்விட்டான் என்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

இதற்குள் மற்ற வகுப்புகளிலும் பெரியப்பாவின் நடமாட்டம் தெரிந்துபோக, ஆசிரியர் கூட்டம் போட்டார்கள். தலைமையாசிரியர் ஒரு மென்பொருளை வாங்கி வந்திருந்தார். கட்டுரையை உள்ளே போட்டால் மனிதர் எழுதியதா, இயந்திரம் எழுதியதா என்று சொல்லிவிடுமாம். சோதித்துப் பார்க்கலாமே என்று அவருடைய ஆண்டறிக்கையையே போட்டார்கள். இயந்திரம் எழுதியது என்று வந்தது. “வருஷா வருஷம் அதே அறிக்கைதானே சார், பாவம், அது குழம்பிப் போச்சு” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். போனைப் பிடுங்கு என்றார் ஒருவர். வீட்டுக் கட்டுரையையே நிறுத்து என்றார் இன்னொருவர். வகுப்பிலேயே எழுத வைக்கலாம் என்றேன் நான். அப்புறம் பாடத்தை யார் முடிப்பது என்று பாய்ந்தார்கள். எங்களில் பாதிப் பேர் வினாத்தாளையே பெரியப்பாவிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தோம் என்பதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை.

விளையாட்டு ஆசிரியர்தான் ஒன்று சொன்னார். “ஓட்டப்பந்தயத்துல ஒருத்தன் பைக்ல வந்து சேர்ந்தா எனக்குத் தெரிஞ்சிடும் சார். நான் மைதானத்துல நிக்கறேன். நீங்க யாரும் பசங்க எழுதற இடத்துல நிக்கறதில்ல, எழுதி முடிச்ச இடத்துல நிக்கறீங்க.” எல்லாரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவர் பேச்சை யாரும் ஒரு பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒற்று டீச்சர் எழுந்தார். “சாஃப்ட்வேர் எல்லாம் வேணாம் சார். எந்தப் பிள்ளை எந்த இடத்துல ஒற்று விடும்னு எனக்குத் தெரியும். என் கையில படிச்ச ஒரு பிள்ளைகூட ஒற்று விடாம எழுதினதில்ல. விடாம ஒரு கட்டுரை வந்தா, அது பிள்ளை எழுதினது இல்ல. அவ்வளவுதான்.”

தலைமையாசிரியருக்கு உயிர் வந்தது. செலவில்லாத வழி. அன்றிலிருந்து அது பள்ளியின் விதியாகிவிட்டது. பிழையே இல்லாத கட்டுரை சந்தேகத்துக்குரியது, டீச்சர் பார்த்துச் சொல்வதே முடிவு. “இத்தனை நாளா ஒற்று பார்த்தாங்க, இப்ப ஒற்று வேலை பார்க்கறாங்க” என்று ஆசிரியர் அறையில் கிண்டல் பண்ணினார்கள். டீச்சர் காதில் விழுந்தும் விழாத மாதிரி இருந்தார்.

இப்போது கடைசி ட்ரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளி வேன் சாயங்காலம் பல தடவை போய்ப் போய் வரும். வேன் ஓட்டுநரின் மகள் பத்தாம் வகுப்பில் படித்தாள். மற்ற பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு வந்து, கடைசி ட்ரிப்பில்தான் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போவார். அதனால் அவளுக்குக் ‘கடைசி ட்ரிப்’ என்று பெயர். அதுவரைக்கும் ஆசிரியர் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அதிகம் பேச மாட்டாள். சன்னல் வழியாக டீச்சர் நோட்டு திருத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டீச்சர் திருத்தும்போது வாய்விட்டுத் திட்டிக்கொண்டே திருத்துகிறவர். “அந்தன்னு வந்தா அடுத்தது இரட்டிக்கும்டா மடையா, அந்தப் பையன், அந்தச் செடி. எத்தனை தடவை சொல்றது?” என்று நோட்டைப் பார்த்துக் கத்துவார். நோட்டுக்குக் காது இல்லை. சன்னலுக்கு வெளியே இருந்த பெண்ணுக்கு இருந்தது. இப்படியே வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அவளுக்கு ஒற்று மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. சில சமயம் டீச்சர் சன்னல் வழியாக, “ஏ கடைசி ட்ரிப், ‘செய்து பார்த்தான்’, ஒற்று வருமா?” என்று கேட்பார். “வராது டீச்சர்.” “‘படித்துப் பார்த்தான்’?” “வரும் டீச்சர்.” டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

அந்த வருடம் ஒரு வாய்ப்பு வந்தது. வேறு ஊரில் தங்கிப் படிக்கிற ஒரு பெரிய பள்ளி. எழுத்தில் ஆர்வம் இருக்கிற பிள்ளைகளை மேல்வகுப்புக்குத் தேர்ந்தெடுத்து, மொழியைச் சிறப்புப் பாடமாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியும் ஒரே ஒரு கட்டுரை அனுப்பலாம். கடைசி ட்ரிப்புக்கு அதில் எவ்வளவு ஆசை என்பது எனக்கு அவள் அப்பா சொல்லித்தான் தெரியும். “ராத்திரி தூக்கத்துலகூட அந்த ஸ்கூல் பேரைத்தான் சொல்றா டீச்சர்” என்றார் வேனைத் துடைத்துக்கொண்டே. இங்கேயே இருந்தால் அவள் என்ன ஆவாள் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது. பன்னிரண்டாவது முடிந்ததும் மாமா வைத்திருக்கிற கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து, தட்டச்சுப் பழகி, அங்கேயே வேலை.

அவள் ‘காத்திருத்தல்’ என்று எழுதியிருந்தாள். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம். ‘எல்லா வண்டியும் போன பிறகுதான் எங்கள் வண்டி வரும். ஓட்டுகிறவர் என் அப்பா என்பதால் தாமதத்துக்காக அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. அவர் என் மேல் இரக்கப்படுவதைத் தடுக்கவும் முடியாது.’ இதை எந்தப் பெரியப்பா எழுதுவார் என்கிறேன். பெரியப்பா என்றைக்காவது வேனுக்குக் காத்திருந்தாரா?

டீச்சர் முதல் பக்கத்தைப் படித்தார். சிவப்புப் பேனா அசையவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அசையவில்லை. மூன்றாம் பக்கத்தின் கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, சன்னல் பக்கம் திரும்பாமலே அவளை உள்ளே கூப்பிட்டார்.

“இதை எங்க இருந்து எழுதினே?”

“வெளிய பெஞ்சுல இருந்து டீச்சர்.”

அவள் உண்மையைத்தான் சொன்னாள். டீச்சருக்கு அது திமிராகப் பட்டது. “வாய் வேற பேசறியா? ஒரு ஒற்றுகூட விடாம உன் வயசுல யாரு எழுதறா?”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர்.”

“நான் எல்லாருக்கும்தான் சொல்லிக் குடுத்தேன்.”

அவள் காதுமடல் சிவந்துபோயிருந்தது. பிறகு கேட்டாள். “டீச்சர், வேணும்னா இங்கயே உக்காந்து வேற ஒண்ணு எழுதிக் காட்டட்டுமா? தலைப்பு நீங்களே குடுங்க.”

எழுதிக் காட்டு என்று ஒரு வார்த்தை. ஒரு தாளும் ஒரு நாற்காலியும் போதும். டீச்சர் முகம் ஒரு நிமிடம் இளகுவதை நான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து வெளியே நடைபாதையில் எவனோ எதற்கோ சிரித்தான். அவ்வளவுதான், முகம் மறுபடி இறுகிவிட்டது.

“ஒரு தடவை ஏமாந்தது போதும். போம்மா” என்றார்.

அவள் போனாள். பெஞ்சில் உட்காரவில்லை. கேட் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

எனக்கு வந்ததே கோபம். “அக்கா, உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? வருஷக்கணக்கா உங்க சன்னல்லயே உக்காந்து கத்துக்கிட்டவ அவ. நீங்களே கேள்வி கேட்டு, அவ சரியா சொல்லி, என்னைப் பார்த்துக் கண்ணடிச்சீங்களே, அது யாரு?”

“வாயால சொல்றது வேற, மூணு பக்கம் எழுதறது வேற. உனக்கு என்ன தெரியும்? நீ உன் கணக்கைப் பாரு.”

“என் கணக்குலயே ஒருத்தி நூத்துக்கு நூறு வாங்கினா நான் மார்க் போடுவேன். காப்பி அடிச்சேன்னு வெளிய தள்ள மாட்டேன்.”

“கணக்குல நூறு வரும். தமிழ்ல வராது” என்றார். பிறகு நாங்கள் பல நாள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே மேசையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் தலைமையாசிரியரிடமும் போனேன். “தமிழ் டிபார்ட்மென்ட் விஷயத்துல நீங்க தலையிடாதீங்க” என்றார். அந்தப் பெண்ணின் கட்டுரை மேல் ‘சொந்த நடை அல்ல’ என்று எழுதிக் கட்டி வைத்துவிட்டார்கள். வேறு ஒரு பையனின் கட்டுரை போனது, வேண்டிய அளவு பிழைகளோடு. அவனுக்கும் இடம் கிடைக்கவில்லை.

வருடக் கடைசியில் அலமாரிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். டீச்சர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கட்டுரைக் கட்டை இழுத்தார், மேலே இருந்தது அந்தக் கைக்கடிகாரக் கட்டுரை. “பாரு, செத்துப்போன அப்பா” என்று என்னிடம் காட்டினார். அதற்குள் நாங்கள் ஓரளவு பேச ஆரம்பித்திருந்தோம். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் நின்றபடியே சும்மா புரட்டினார். அப்புறம் உட்கார்ந்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார்.

“கணக்கு, இங்க வா.”

கூத்து என்று சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். ‘அந்த கடிகாரம்’ என்று இருந்த இடத்தில் வட்டம். ‘மேசையை துடைத்தேன்’ என்ற இடத்தில் வட்டம். ‘அப்பாவுக்கு பிடித்த’ என்ற இடத்தில் வட்டம். பக்கத்துக்குப் பக்கம் இருந்தது.

“இதையெல்லாம் நான் எப்படி விட்டேன்?”

“அழுதுட்டு இருந்தீங்க அக்கா.”

கண்ணில் தண்ணீர் நின்றதால் ஒற்று டீச்சருக்கு ஒற்று தெரியவில்லை. அந்த மயக்கத்திலேயே, அதில் பிழையே இல்லை என்று மனத்தில் முடிவு கட்டி, அதை வைத்து ஒரு விதி செய்து, பள்ளிக்கூடத்தையே அதில் நிறுத்தி அளந்துவிட்டார்.

“அப்போ பெரியப்பாவும் விடறாரு” என்றார்.

“விடறாரு அக்கா.”

“அப்போ ஒண்ணுகூட விடாம எழுதினது…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் முதுகைத் தடவினேன். சொல்லிக்காட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு வாய் வரவில்லை.

அன்றே தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். அந்தப் பெரிய பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினார்கள். பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் மேல் வகுப்பில் நடுவே சேர்ப்பதும் இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். டீச்சர் தானே பேசினார். தப்பு என்னுடையது, பிள்ளை மேல் ஒன்றும் இல்லை என்று கெஞ்சினார். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. மருந்துக்கடைக்காரரிடம்கூட அதட்டித்தான் காரியம் சாதித்தார்.

சாயங்காலம் அவளைக் கேட் பக்கத்திலிருந்து கூட்டி வந்தோம். டீச்சர் அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். தான் நின்றார்.

“நான் தப்பு பண்ணிட்டேன்மா. நீதான் எழுதினேன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சுக்காம இருந்துட்டேன். என்னை மன்னிச்சிடு.”

“பரவால்ல டீச்சர்” என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். பேருந்தில் காலை மிதித்தவரிடம் சொல்வது போல.

“நீ எழுதறதை விட்டுடாதே. அந்த ஸ்கூல் இல்லைன்னா என்ன, நான் இருக்கேன். அன்னைக்கு எழுதிக் காட்டட்டுமான்னு கேட்டியே, இப்ப எழுது. எதைப் பத்தி வேணும்னாலும் எழுது. நான் பக்கத்துலயே இருக்கேன்.”

அவள் மறுப்புச் சொல்லவில்லை. தாளை எடுத்து எழுத ஆரம்பித்தாள். அவளுடைய மாமாவின் கம்ப்யூட்டர் கடையைப் பற்றி எழுதினாள். விடுமுறை நாட்களில் அங்கே போய் உட்காரத் தொடங்கியிருந்தாளாம். டீச்சர் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தார். முதல் பத்தியிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார். நானும் எழுந்துபோய்ப் பார்த்தேன். கடைக்கு வருகிறவர்கள் தங்கள் மனுக்களைச் சொல்லச் சொல்ல இவள் தட்டச்சு செய்கிறாளாம். கோபமாகச் சொல்கிறவர்களும் எழுத்தில் பணிவாகிவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். அடடா என்று வாய்விட்டே சொன்னேன்.

பக்கம் முடிந்தது. டீச்சர் தாளை வாங்கி மறுபடி படித்தார். ஓரிடத்தில் நின்றார். ‘அந்த பெரியவர்’ என்று இருந்தது. இன்னும் கீழே போய் மறுபடி நின்றார். ‘வீட்டுக்கு போனேன்’ என்று இருந்தது.

“இந்த ரெண்டும் உனக்குத் தெரியாதா?” என்றார் குழப்பத்தோடு. “தூக்கத்துல எழுப்பிக் கேட்டாக்கூடச் சொல்லுவியே.”

“தெரியும் டீச்சர்.”

“அப்புறம் ஏன் விட்டே?”

அவள் டீச்சரை ஏறிட்டுப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. பாடத்தைச் சொல்லச் சொன்னால் சொல்கிற மாதிரி சொன்னாள். “ஒரு பக்கத்துக்கு ரெண்டு விடுவேன் டீச்சர். அதுக்கு மேல விட்டா மார்க் போகும். அதுக்குக் கீழ விட்டா சந்தேகம் வரும். பரீட்சையிலகூட அப்படித்தான் எழுதினேன்.”

டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“இனிமே விட வேணாம்மா” என்றார். “நான் நம்பறேன். சத்தியமா நம்பறேன்.”

“நீங்க நம்புவீங்க டீச்சர். அடுத்த வருஷம் வேற டீச்சர்தானே.”

அது உண்மை. டீச்சர் அந்த வருடத்தோடு ஓய்வு பெறுகிறார் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அவர் செய்த விதி மட்டும் எங்கேயும் போகவில்லை. தலைமையாசிரியர் அதை மற்ற மொழிப் பாடங்களுக்கும் நீட்டிவிட்டிருந்தார். அதை எடுக்கச் சொல்லி டீச்சர் அன்றைக்கும் வாதாடினார், பிறகு நானும் வாதாடினேன். இன்றைக்கு வரைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வேன் வந்து நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, டீச்சரின் கையிலிருந்து தாளையும் சிவப்புப் பேனாவையும் வாங்கினாள். ‘அந்த’வுக்குப் பக்கத்தில் ஒரு ‘ப்’ போட்டாள். ‘வீட்டுக்கு’ப் பக்கத்தில் ஒரு ‘ப்’ போட்டாள். இரண்டும் அவ்வளவு அழகாக, இடம் பார்த்து உட்கார்ந்தன. தாளை மடித்து டீச்சரிடம் கொடுத்தாள்.

“இது உங்களுக்கு டீச்சர். ஸ்கூல்ல யார்கிட்டயும் காட்டிடாதீங்க” என்றாள்.

டீச்சர் சரி என்றார்.